650 கிலோ நெல்லுக்கு ஒரு மடிக்கணினி: வன்னிக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியில் தருமபுரம் தாண்டி, கிரவல் ஒழுங்கை ஒன்றில் உள்ளே இறங்கினால் அந்த வீடு வரும். தாய், இரண்டு பிள்ளைகள். தகப்பன் இல்லை. இரண்டு ஏக்கர் வயலும், மேட்டுக் காணியில் கொஞ்சம் கச்சானும்தான் வருமானம். மூத்தவள் 2025 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். உயர்தரத்தில் தொழினுட்பத் துறை எடுப்பதென்று முடிவு. உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தொழினுட்பத்திற்கான விஞ்ஞானம், மூன்றாவதாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்.

நான் எங்கள் சனசமூக நிலையத்தில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். மார்ச் கடைசியில் தாய் அங்கே வந்தார். "தம்பி, பிள்ளைக்கு லப்டொப் ஒண்டு வேணுமாம். எது நல்லதெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

இந்தக் கேள்வியை வருடத்துக்குப் பத்துப் பேராவது கேட்கிறார்கள். பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள். இவர் வாங்குமுன் கேட்டார். அதனால் தொடக்கம் முதல் இருந்து பார்க்க முடிந்தது, எழுதியும் வைத்தேன். குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர் எதுவும் சொல்லாமல் இதைப் பகிர்கிறேன்.

முதலில் கைக்கு வந்த வழிகள்

என்னிடம் வருமுன்பே தாய் ரவுணில் ஒரு கடையில் விசாரித்திருந்தார். பெட்டி பிரிக்காத புது மடிக்கணினி. காசாகக் கொடுத்தால் 109,000 ரூபா. கட்டுக்காசுக்கு எடுத்தால் முதலில் 20,000, பிறகு மாதம் 9,900 வீதம் 12 மாதம். கடைக்காரர் கொடுத்த துண்டைக் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்தார். விரித்துக் கூட்டினோம். 138,800 ரூபா. காசு விலையை விட 29,800 கூட. அவர் அதுவரை 9,900 என்ற எண்ணை மட்டும்தான் பார்த்திருந்தார். இதே தாய் சில வருடங்களுக்கு முன் கிழமைக் கடன் எடுத்து, கடன்காரர் படலையில் வந்து நிற்க, வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லவைத்த அனுபவம் உள்ளவர். கூட்டுத்தொகையைப் பார்த்ததும் துண்டைத் திரும்ப மடித்துவிட்டார்.

அந்த இயந்திரத்தின் விபரமும் துண்டில் இருந்தது. செலரான் என்4500 என்ற மலிவு விலைச் செயலி, 4 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்), இஎம்எம்சி என்ற மலிவு வகையில் 128 ஜிபி சேமிப்பு. அந்த மொடலில் ரேம், கணினிக்குள் இருக்கும் பிரதான போர்டிலேயே ஒட்டப்பட்டது. பிறகு கூட்ட முடியாது.

இரண்டாவது வழி பிரான்ஸில் இருக்கும் தாயின் தம்பி. ஓகஸ்டில் வரும்போது தான் வைத்திருந்த பழையதைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். "ஐ7 அக்கா, நல்ல சாமான்." ஐ7 தான், ஆனால் 4ஆம் தலைமுறை. இதை விளக்குவது எப்போதும் கடினம். இன்டெல் நிறுவனத்தின் செயலிகளில் ஐ3, ஐ5, ஐ7 என்பதை மட்டும் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் விலை பேசுகிறார்கள். பின்னால் வரும் எண்தான் வயதைச் சொல்கிறது. ஐ7-4600யூ என்றால் 4ஆம் தலைமுறை, ஐ5-8350யூ என்றால் 8ஆம் தலைமுறை, ஐ5-10210யூ என்றால் 10ஆம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிகிறது என்பது அப்போதே அறிவிக்கப்பட்டிருந்தது. மாமாவின் கணினி வந்து இரண்டு மாதத்தில் அந்தத் திகதி வந்துவிடும்.

இன்னொன்றையும் பிள்ளையே கண்டுபிடித்தாள். மாமாவிடம் விசைப்பலகையின் படம் கேட்டு வாங்கி, என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "சேர், இதில கியூ இருக்கிற இடத்தில ஏ இருக்கு." பிரெஞ்சு விசைப்பலகை அப்படித்தான். இலக்கம் அடிக்கக்கூட ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். விண்டோஸில் ஆங்கில முறைக்கு மாற்றலாம், ஆனால் விசையில் ஒரு எழுத்து இருக்கும், திரையில் வேறு எழுத்து வரும். பார்க்காமல் அடிக்கத் தெரிந்தவருக்கு அது பிரச்சினையில்லை. இப்போதுதான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்கும் பிள்ளைக்குப் பெரிய இடைஞ்சல்.

டப்லெட்டும் மேசைக்கணினியும் பேச்சில் வந்து போயின. டப்லெட்டில் பாடசாலை ஆய்வுகூடத்தில் இருப்பது போல மென்பொருள்களை நிறுவ முடியாது. மேசைக்கணினி விலை குறைவு, திருத்தவும் இலகு. ஆனால் அந்த வீட்டில் மின்சாரம் நின்றால் அதுவும் உடனே நின்றுவிடும். யூபிஎஸ் வாங்கினால் விலை வித்தியாசம் போய்விடும்.

நிலையத்தில் ஒரு பின்னேரம்

கடைக்காரர் சொல்வதையும் நான் சொல்வதையும் கேட்டு முடிவெடுப்பதை விட, பிள்ளை தானே பாவித்துப் பார்ப்பது நல்லது என்று நினைத்தேன். நிலையத்தில் 4 ஜிபி செலரான் மடிக்கணினி ஒன்று இருக்கிறது, நன்கொடையாக வந்தது. பக்கத்தில் 8 ஜிபி ரேமும், எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பும் உள்ள பழைய ஐ5 ஒன்று. இரண்டிலும் ஒரே வேலையைச் செய்யச் சொன்னேன். சூம் வகுப்பில் இணைவது, கடந்தகால வினாத்தாள் பிடிஎஃப் ஒன்றைத் திறப்பது, பைதன் என்ற நிரல் மொழியில் பெருக்கல் வாய்ப்பாடு எழுதி ஓடவிடுவது.

பைதன் மட்டுமென்றால் இரண்டிலும் ஒரே மாதிரித்தான் ஓடியது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயர்தரப் பாடத்திட்டத்தில் எழுதும் பைதனுக்கு விலைகூடிய கணினி தேவையே இல்லை. சூம் திறந்திருக்கும்போது பிடிஎஃப்பைத் திறந்ததும்தான் வித்தியாசம் தெரிந்தது. 4 ஜிபி கணினியில் பிடிஎஃப் வெள்ளையாக நின்றது. பிள்ளை இரண்டு தரம் கிளிக் பண்ணினாள், மூன்று தரம் பண்ணினாள், கடைசியில் அதே பிடிஎஃப் மூன்று ஜன்னலாகத் திறந்தது. சூமில் ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டி வந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஐ5இல் அதே வேலை இழுபடாமல் நடந்தது.

தாய் பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசை விடப் பழசு ஓடுதே தம்பி" என்றார். புதியதென்றால் பழுதாகாது என்பது அவருடைய முதல் நம்பிக்கை, அதில் நியாயமும் உண்டு. புதியதற்கு ஒரு வருட உத்தரவாதம் வரும், பற்றரி புதிதாக இருக்கும். ஆனால் விலையைக் குறைப்பதற்காகக் குறைந்த பாகங்களைப் போட்டுச் செய்த புதியதும், அலுவலகப் பாவனைக்கென்று உறுதியாகச் செய்து சில வருடம் ஓடிய பழையதும் எதிரெதிரே நிற்கும்போது, பிள்ளையின் வேலைக்கு எது பொருந்தும் என்று பார்க்க வேண்டும்.

அதே கிழமை அவர்கள் வீட்டுக்கும் போனேன். ஒழுங்கையின் கடைசி வீடு. பக்கத்துக் காணியில் நீர்ப்பம்பி போட்டால் இவர்கள் வீட்டு மின்குமிழ் மங்குகிறது. மடிக்கணினிச் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், ஆகையால் மங்குவதற்குப் பயமில்லை. இடிமின்னலுக்குத்தான் பயம். படிக்கும் மேசை ஜன்னலோரம். அதன் மேல் விரலை இழுத்தால் செம்மண் தூசி கோடு விழுந்தது.

என்ன முடிவு, ஏன்

ஏப்ரல் நடுப்பகுதியில் மூவரும் இருந்து கணக்குப் பார்த்தோம். காலபோக நெல் விற்ற காசில், விதைப்புக் கடனும் உழவுக் கூலியும் போக 70,000 ரூபா மிஞ்சியிருந்தது. ஓடு மாற்றவென்று வைத்திருந்த காசு. அந்தப் போகத்துக்கு அரசாங்கம் அறிவித்த விலை நாடு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா. தாய் எந்த விலையைச் சொன்னாலும் அதை நெல்லாக மாற்றித்தான் யோசித்தார்.

மாமாவுக்கு எப்படிச் சொல்வதென்பது இன்னொரு சிக்கல். வெளிநாட்டில் இருந்து தருவதை வேண்டாம் என்றால் மனத்தாங்கல் வரும். தாய் கதைக்கத் தயங்கினார். பிள்ளைதான் வட்ஸ்அப்பில் கதைத்தாள். விசைப்பலகைப் படத்தையும் ஒக்டோபர் 14 விடயத்தையும் சொல்லி, "மாமா, அதை நீங்களே வச்சிருங்கோ, முடிஞ்சா கொஞ்சம் காசு போடுங்கோ" என்று நேராகவே கேட்டாள். அவர் கோபிக்கவில்லை. 30,000 ரூபா போட்டுவிட்டார். சுற்றி வளைக்காமல் காரணத்தைக் காட்டியது உதவியது என்று நினைக்கிறேன்.

மொத்தம் 100,000. இதில் இயந்திரத்துக்கு 80,000க்கு மேல் போவதில்லை, மிச்சத்தை அதன் பின்செலவுக்கு வைப்பது என்று முடிவெடுத்தோம். கட்டுக்காசு இல்லை. பாவித்த அலுவலக மொடல், 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. ரேமும் எஸ்எஸ்டியும் பற்றரியும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். கொழும்பில் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பழுதென்றால் அங்கே கொண்டுபோக ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வேண்டும். ஒரே நாளில் போய்வரக்கூடிய வவுனியாவிலேயே வாங்குவதென்று தீர்மானித்தோம்.

கடையில்

மே மாதம் ஒரு சனிக்கிழமை. ஏ9 வீதியால் பஸ்ஸில் போனோம். எஸ்எஸ்டியின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்போ மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன்.

கடைக்காரர் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று ஐ7-7600யூ, 72,000. மேற்புறம் கண்ணாடி போல, விசைகளுக்கு அடியில் வெளிச்சமும் வரும். மற்றது ஐ5-8350யூ, 82,000, மூடியில் ஒரு கீறல். பிள்ளையின் கண் முதலாவதில்தான். பிழை சொல்ல முடியாது, பதினாறு வயது. "இது 7ஆம் தலைமுறை" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, அவளே அதைத் தள்ளி வைத்தாள்.

இரண்டாவதை முக்கால் மணித்தியாலம் பார்த்தோம். இயங்கத் தொடங்கும்போதே பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) போய்ப் பூட்டுச்சொல் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறுவனங்களில் இருந்து வரும் கணினிகளில் சிலவேளை அந்தப் பூட்டோடே விற்றுவிடுவார்கள், பிறகு திறப்பது பெரிய பாடு. இல்லை. எஸ்எஸ்டியின் நிலை 94 சதவீதம். நோட்பேடைத் திறந்து, பிள்ளை இடமிருந்து வலமாக ஒவ்வொரு விசையாக அடித்தாள். ஸ்பேஸ் பாரின் வலது ஓரம் கொஞ்சம் இறுக்கம், ஆனால் வேலை செய்தது. வெள்ளைப் படம் ஒன்றை முழுத் திரையில் போட்டு நிழலோ கோடோ இருக்கிறதா என்று பார்த்தோம். யூஎஸ்பி ஓட்டைகள் மூன்றிலும் பென்டிரைவைப் போட்டோம். போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தோம். கமெராவைத் திறந்தோம்.

பற்றரிக்கு விண்டோஸிலேயே ஓர் அறிக்கை எடுக்கலாம். செய்தபோது கொள்ளளவு 60,000 மில்லிவாட் மணி, இப்போது நிறைவது 37,200. அதாவது 62 சதவீதம். அந்த எண்ணைக் காட்டியதால் 82,000 என்பது 78,000 ஆனது. தாய் மெதுவாக, "அறுநூற்றைம்பது கிலோ" என்றார். காசை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

கடைக்காரர் ஆறு மாத உத்தரவாதம் என்று வாயால் சொன்னார். பில்லை நான் மடித்துத் தாயிடம் கொடுத்தேன். வாசிக்கவில்லை.

முதல் மாதங்கள்

முதல் இரவே டேட்டா பொதி முடிந்துவிட்டது. போனில் இருந்து ஹொட்ஸ்பொட் கொடுத்ததும் விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த நாள் அந்த இணைப்பை அளவுள்ள இணைப்பு என்று அமைப்பில் மாற்றினோம். இனி நிலையத்து வைஃபைக்கு வரும்போதுதான் புதுப்பிப்பு.

பாடசாலையில் இருந்து வந்த குறிப்புகள் சில ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன என்று பிள்ளை பதறிக்கொண்டு வந்தாள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. எழுத்துருவை நிறுவியதும் சரி.

ஆறாவது கிழமை சூம் வகுப்பில் ஆசிரியர் அவளைக் கேள்வி கேட்டிருக்கிறார். அவள் பதில் சொன்னாள், ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒலிவாங்கி பழுது. கடையில் கமெராவைப் பார்த்த நாங்கள் ஒலிவாங்கியைப் பார்க்கவில்லை. பில்லை எடுத்துக்கொண்டு நானே வவுனியாவுக்குப் போனேன். அதில் ஒரு மாதம் என்றுதான் எழுதியிருந்தது. ஆறு மாதம் சொன்னதை அவர் மறுக்கவில்லை, "அது போர்டுக்கு மட்டும்" என்றார். 1,200 ரூபாவுக்கு ஒலிவாங்கி உள்ள இயர்போன் வாங்கிச் சமாளித்தோம். அந்தத் தவறு என்னுடையது என்று தாயிடம் சொன்னேன்.

ஒக்டோபர்

பருவமழைக்கு முந்திய நாட்கள், பின்னேரங்களில் இடி. தாய் தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். பிள்ளை சார்ஜரைச் செருகியபடி தூங்கிவிட்டாள். விடியப் பார்த்தால் சார்ஜர் செத்துவிட்டது. நல்ல காலம், கணினிக்கு ஒன்றுமில்லை.

அவசரத்தில் கிட்ட ஒரு கடையில் 2,400 ரூபாவுக்குப் போலிச் சார்ஜர் வாங்கினார்கள். செருகினால் வெளிச்சம் வந்தது, சார்ஜ் ஏறவில்லை. அலுவலக மொடல்கள் சிலவற்றில் சார்ஜருக்குள் ஒரு அடையாளச் சிப் இருக்கும். அதைக் காணாவிட்டால் கணினி பற்றரியை ஏற்றாது, வேகத்தையும் குறைத்துவிடும். பிறகு 5,500 ரூபாவுக்கு அதே மொடலின் பாவித்த அசல் சார்ஜர் எடுத்தோம். 65 வாட், முன்னதைப் போலவே.

அதே மாதம் விண்டோஸ் 10இன் நாளும் வந்தது. இவளுடையதை நிலையத்தில் வைத்து விண்டோஸ் 11க்கு மாற்றினோம், ஒரு பின்னேரம் எடுத்தது. இதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டில் அதே வருடம் 6ஆம் தலைமுறை ஒன்றை 65,000க்கு வாங்கியிருந்தார்கள். அதற்கு மாற வழியில்லை. மைக்ரோசொஃப்ட் தந்த ஒரு வருட நீட்டிப்பைப் பதிந்து கொடுத்தேன். அது 2026 ஒக்டோபர் வரைதான். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

மழை நாட்கள்

நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை. முற்றத்தில் வெள்ளம் ஏறத் தொடங்கியதும், பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரத்தோடு மடிக்கணினியையும் தாய் இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, உரப்பைக்குள் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போனார். மின்சாரம் சில நாள் இல்லை. கணினியில் இருந்த பற்றரியால் மூன்று பேரின் போனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றினார்கள். அந்த நாட்களில் பற்றரி முழுதாக ஏற்றினாலும் இரண்டு மணித்தியாலம்தான் நின்றது.

ஜனவரியில் 9,800 ரூபாவுக்குப் பற்றரியை மாற்றினோம். கழற்றியபோது விசிறிக்குள் செம்மண் தூசி பஞ்சு மாதிரித் திரண்டிருந்தது. தூரிகையால் துடைத்தோம். மேசை இப்போது ஜன்னலோரம் இல்லை.

இன்றைய நிலையும், மாற்றிச் செய்ய வேண்டியவையும்

ஒதுக்கி வைத்த 22,000 இல் பை 2,500, இயர்போன் 1,200, போலிச் சார்ஜர் 2,400, அசல் சார்ஜர் 5,500, பற்றரி 9,800. மிச்சம் 600 ரூபா. மொத்தச் செலவு 99,400. ஒதுக்கி வைத்திராவிட்டால் ஒக்டோபரிலேயே கணினி அலுமாரிக்குள் போயிருக்கும். ஓடு இன்னும் மாற்றவில்லை. அந்த விலையையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

திரும்பச் செய்வதானால், உத்தரவாதம் எத்தனை மாதம், எந்தப் பாகத்துக்கு என்பதைக் கடைக்காரரின் கையால் பில்லில் எழுதுவிப்பேன், எழுதிய பிறகுதான் காசு. ஒலிவாங்கியையும் ஸ்பீக்கரையும் கடையிலேயே குரல் பதிந்து கேட்பேன். பற்றரியை முதல் நாளே மாற்றச் சொல்லி, அந்தக் காசை விலையோடு பேசுவேன். இரவில் சார்ஜில் விட்டுத் தூங்கக்கூடாது என்பதை வாங்கிய அன்றே பிள்ளைக்குச் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரிந்த விடயம், சொல்ல மறந்துவிட்டேன். 8ஆம் தலைமுறை, மாற்றக்கூடிய பாகங்கள், கட்டுக்காசு வேண்டாம் என்ற மூன்றையும் மாற்றமாட்டேன்.

பிள்ளை இப்போது தரவுத்தளப் பாடத்தில் நிற்கிறாள். தங்கள் வயலின் விதைப்பு, பசளை, விளைச்சல் கணக்கை அட்டவணையாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தாய் பக்கத்தில் இருந்து எண்களைச் சொல்கிறார். தம்பிக்காரன் எட்டாம் வகுப்பு. பின்னேரத்தில் அவனுக்கும் கணினி வேண்டும், இரவில் அக்காவுக்கும் வேண்டும். இந்த மாதத்தில் இருந்து தாய் ஒரு சீட்டுப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார், மாதம் 3,000.